மெஷின் இருக்கிறது, சரி, மாணவர்கள் தொட்டார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் செய்தியைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி விளம்பரம். போன ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்துக்கு ஒன்று வந்திருந்தது. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கை ஒரு மெஷின்மேல் இருக்கிறது. கீழே ‘அதிநவீன ஆய்வக வசதி’ என்று கொட்டை எழுத்து. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு பெட்டி. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஃப்ளோ சைட்டோமீட்டர். ரத்தத்திலுள்ள செல்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தின் முன்னால் ஓடவிட்டு, எண்ணி, இனம் பிரித்துச் சொல்லும் கருவி. பன்னிரண்டு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கம்ப்யூட்டர் திரை அணைந்திருந்தது. உப்புநீர்த் தொட்டியிலிருந்து மெஷினுக்குப் போகவேண்டிய குழாய், பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கிறது. டியூப் செருகும் இடம் காலி. அந்தப் பெண்ணின் கையில் கையுறைகூட இல்லை.

இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்து, எழுத உட்கார்ந்துவிட்டேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் பிறந்தது காசிமேடு. அப்பா துறைமுகத்தில் கலாசி. எண்பதுகளின் தொடக்கத்தில் டி.எம்.எல்.டி. என்ற ஆய்வக டெக்னீஷியன் படிப்பை முடித்து ஒரு அரசு ஆய்வகத்தில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் வெள்ளணு எண்ணுவதென்றால் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, இடது கையில் கவுண்டரை ‘டிக் டிக்’ என்று அமுக்கிக்கொண்டே எண்ண வேண்டும். யாராவது நடுவில் ‘அக்கா, டீ வந்திருச்சு’ என்றால் போச்சு, முதலிலிருந்து.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் இதே சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. யாருக்கு மருந்தை உடனே தொடங்குவது என்று முடிவு செய்ய அப்போது சிடி4 எண்ணிக்கை வேண்டியிருந்தது. சிடி4 என்பது லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களில் ஒருவகையின் மேல்தோலில் இருக்கும் அடையாளம். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லா லிம்ஃபோசைட்டும் ஒரே முகம்தான். சிடி4 உள்ளது எது, இல்லாதது எது என்று தெரியாது. அப்படித்தான் 2006இல் என் மேசைக்கு அந்த மெஷின் வந்தது.

எனக்குக் கிடைத்த பயிற்சியைச் சொல்கிறேன். இரண்டு நாள். ஏ.சி. ஹால். நாற்பது பேர். திரையில் படம் மாறிக்கொண்டே இருந்தது: லேசர், லென்ஸ், கண்ணாடி வடிகட்டி, அம்புக்குறி. சொல்லிக்கொடுத்தவர் நல்ல படிப்பாளி, குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் மெஷினைக் காட்டினார்கள். நாற்பது பேருக்கு ஒரு மெஷின். நான் குள்ளம். முன்னால் நின்றவரின் முதுகைத்தான் பார்த்தேன். பிறகு சான்றிதழ், சமோசா, வீடு.

அடுத்த வாரம் தனியாக உட்கார்ந்தேன். முதல் டியூபை ஏற்றியதும் திரை முழுக்கக் கறுப்பாகப் புள்ளி அப்பிக்கொண்டது. பாடத்தில் காட்டிய படத்தில் மூன்று வகை வெள்ளணுவுக்கு மூன்று அழகான தீவுகள் இருக்கும்: இடது ஓரத்தில் கீழே லிம்ஃபோசைட், அதற்குச் சற்று மேலே மோனோசைட், உச்சியில் கிரானுலோசைட். என் திரையில் தீவும் இல்லை, கடலும் இல்லை. மெஷின் கெட்டுவிட்டதென்று நினைத்து, அன்று வந்த ரத்த மாதிரிகளையெல்லாம் நிறுத்திவைத்து, எஞ்சினியருக்குப் போன் போட்டுவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

மெஷினுக்கு ஒன்றும் இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளணு சில ஆயிரம்தான், சிவப்பணுவோ 40, 50 லட்சம். சிவப்பணுவை உடைத்தால்தான் வெள்ளணு கண்ணில் படும். அதற்கான கரைசலை நான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்றே ஊற்றி, அவசரத்தில் சொன்ன நேரம்கூட வைக்காமல் ஓட்டிவிட்டேன். சிவப்பணு உடையவே இல்லை. பக்கத்துப் பிரிவில் இருந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர் வந்து டியூபை வாங்கி, மேசையில் கிடந்த செய்தித்தாளின் முன்னால் பிடித்தார். ‘எழுத்துத் தெரியுதா?’ என்றார். தெரியவில்லை, டியூபுக்குள் செம்மண் கலங்கின மாதிரி இருந்தது. கரைசல் அறைச்சூட்டுக்கு வந்தபின் இன்னொரு டியூபில் ஊற்றி, நேரம் வைத்து, திரும்பவும் பிடித்தார். சிவப்பு அப்படியே இருந்தது, ஆனால் நன்னாரி சர்பத் மாதிரி தெளிந்துவிட்டது. அதன் வழியாகத் தலைப்புச் செய்தியைப் படித்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு நாளும் முதல் டியூபைச் செய்தித்தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்றியிருக்கிறேன். பெரும்பாலும் உங்கள் நாளிதழ்தான்.

இரண்டு நாள் வகுப்பில் இது ஏன் வரவில்லை? அந்தப் படிப்பாளிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும். ஹாலில் டியூபே இல்லையே, அவர் எதைப் பிடித்துக் காட்டுவார்?

இன்னொன்று பிப்பெட். எங்கள் முறையில் 50 மைக்ரோலிட்டர் ரத்தத்தை, எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகள் போட்ட டியூபில் விட வேண்டும். ஓடும்போது எத்தனை மணிக்கு எத்தனை சிடி4 செல் என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். அப்படியானால் அந்த 50 சரியாக 50ஆக இருக்க வேண்டும். ரத்தம் பிசுபிசுப்பு, நுனியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிப்பெட்டின் கட்டையை இரண்டாம் நிறுத்தம்வரை அமுக்கி அதிகமாக உறிஞ்சி, விடும்போது முதல் நிறுத்தத்தோடு நிறுத்திவிட வேண்டும். மிச்சம் நுனியிலேயே இருக்கட்டும். நுனியின் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும். டியூபின் சுவரில் பூசிவிடக் கூடாது. ஐந்து மைக்ரோலிட்டர் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போச்சு. அந்தக் காலத்தில் மருந்து தொடங்குவதற்கான கோடு 200, அதற்குக் கீழே போனால் மருந்து. நிஜத்தில் 210 இருப்பவருக்கு 189 என்று வரும். ஐந்து கூடினால் 190 இருப்பவருக்கு 209. டாக்டர்கள் மற்ற அறிகுறிகளையும் பார்ப்பார்கள் என்றாலும், 209 என்று சீட்டில் இருந்தால் அந்த ஆளை ‘அப்புறம் வா’ என்று அனுப்பிவிடச் சாத்தியம் உண்டு. திருவொற்றியூர் பக்கத்திலிருந்து அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவராக இருப்பார். என் கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்பதில் அவர் பிழைப்பு இருந்தது. கட்டைவிரலுக்குப் பாடம் நடத்த எந்த ஸ்லைடாலும் முடியாது.

2017இல் விதி மாறியது. எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் தொற்று உறுதியானால் மருந்து என்றாகிவிட்டது. நல்ல காரியம். அடுத்த வருடம் நானும் ஓய்வு பெற்றேன். மெஷினை மறந்திருப்பேன், எங்கள் மாடி வீட்டுப் பெண் ரெக்கார்டு நோட்டோடு வராமல் இருந்திருந்தால்.

எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி படிக்கிறாள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நோட்டில் ஃப்ளோ சைட்டோமெட்ரி அழகாக எழுதியிருந்தாள்: நோக்கம், தத்துவம், செய்முறை, முடிவு. லேசரை நீலப் பென்சிலால் வரைந்து 488 நானோமீட்டர் என்று குறித்திருந்தாள். ‘முடிவு’ பக்கத்தில் ஒரு வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தது. ‘இது உன் டியூபா?’ என்று கேட்டேன். ‘இல்ல ஆன்ட்டி, எல்லார் நோட்டுலயும் இதேதான்.’ முப்பத்திரண்டு பேருக்கு ஒரே ரத்தம். 25க்கு 23 மதிப்பெண் வேறு. கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி அவளே கேட்டாள்: ‘ஆன்ட்டி, டியூபை மெஷின்ல எங்க வெப்பாங்க?’

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவர்கள் கல்லூரியில் மெஷின் உண்டு. அதைத்தான் தாங்க முடியவில்லை. அறைக்குப் பூட்டு, சாவி துறைத் தலைவரிடம். வெளியிலிருந்து ஆய்வுக்குழு வரும் நாளில் திறந்து துடைத்துப் பூப்போட்டு வைப்பார்களாம். பழுதாகிவிட்டால் யார் பணம் கட்டுவது என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பல லட்ச ரூபாய் சாமான், பராமரிப்பு ஒப்பந்தம் தனிச் செலவு, ஒரு லேசர் போனால் மாற்றுவதற்கும் லட்சத்தில்தான் பேச்சு. ஆனால் பூட்டி வைத்த சைட்டோமீட்டர் ஓடாததாலேயே கெடும். குழாய்க்குள் உப்புப் பூத்துக்கொள்ளும், பாசி பிடிக்கும். காசிமேட்டில் கரையேற்றிப் போட்ட விசைப்படகின் எஞ்சின் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கல்லூரியில் இளம் ஆசிரியை ஒருவர் இருந்தார். நல்ல மனசு. அவர் மூலமாக நான் ‘கெஸ்ட் லெக்சர்’ என்ற பேரில் உள்ளே போனேன். ஒரே நிபந்தனைதான் போட்டேன்: காலையில் நான் பேசுகிறேன், மத்தியானம் அறையைத் திறக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஆறு பேர்தான், இரண்டு சனிக்கிழமை. ஒரு மாதம் கடிதம் அங்கும் இங்கும் போய் அனுமதி வந்தது.

என்ன மாதிரியை ஓட்டுவது? மனித ரத்தமென்றால் தொற்றுப் பயம், மேலும் சிடி4 மாதிரி அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, ஒளிரும் சாயம் ஒட்டியது, ஒரு சின்னப் புட்டி ஆயிரக்கணக்கில். யோசித்துக் கோழியில் வந்து நின்றேன். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. கோழியின் சிவப்பணுவில் உண்டு. அதன் டி.என்.ஏ.வின் அளவும் தெரிந்த விஷயம், மனிதச் செல்லில் இருப்பதில் சுமார் 35 சதவீதம். உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதை அளவுகோலாகவே வைத்துக்கொள்கிறார்கள். ப்ரோப்பிடியம் அயோடைடு என்ற சாயம் டி.என்.ஏ.வோடு ஒட்டிச் சிவப்பாக ஒளிரும், எவ்வளவு டி.என்.ஏ.வோ அவ்வளவு வெளிச்சம். ஆன்டிபாடியோடு பார்த்தால் விலையும் மலிவு. கையுறை மட்டும் கட்டாயம், நம் டி.என்.ஏ.விலும் அது ஒட்டும்.

காலை ஏழு மணிக்கு, ரத்தம் உறையாமல் வைக்கும் இடிடிஏ டியூபுகளோடு கொருக்குப்பேட்டையில் ஒரு கோழிக்கடையில் போய் நின்றேன். கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘ரத்தமா? எதுக்கும்மா, மந்திரிக்கிறதுக்கா?’ காலேஜ் பிள்ளைகளுக்கு என்றேன். பிடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கிளம்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, ‘டெஸ்டு கிஸ்டு பண்ணி கோழிக்கு சீக்குன்னு பேப்பர்ல கீப்பர்ல போட்றாதம்மா’ என்றார். சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் கரும்பலகையில்தான் பேசினேன். வகுப்பே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. பட்டனை எந்த வரிசையில் அமுக்குவது என்று மட்டும் தெரிந்த ஆட்களோடும் வேலை பார்த்திருக்கிறேன். ஒருநாள் திரையில் வேறு மாதிரி வந்தால் திருதிருவென விழிப்பார்கள். செல் ஏன் ஒற்றை வரிசையில் ஓடுகிறது? சுற்றிலும் உப்புநீர் வேகமாக ஓடி, நடுவில் வரும் மாதிரியை நூல் போல மெலிதாக்குகிறது. நேர் எதிரே சிதறும் ஒளி செல்லின் அளவைச் சொல்லும், பக்கவாட்டில் சிதறுவது உள்ளே இருக்கும் கரடுமுரடைச் சொல்லும். இதெல்லாம் முதலில் காதில் விழத்தான் வேண்டும். கதையும் சொன்னேன். 1965இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் செல் பிரிக்கும் கருவியைச் செய்தபோது, ரிச்சர்ட் ஸ்வீட் இங்க்ஜெட் அச்சுக்காகச் செய்திருந்த துளி வித்தையைத்தான் எடுத்துக்கொண்டார். ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்சன்பர்க் ஒளிரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணி எண்ணிக் கண் நொந்துபோய்த்தான் இந்தப் பக்கம் வந்தார். அந்தக் கண்வலி எனக்கும் தெரியும் என்றேன், பிள்ளைகள் சிரித்தார்கள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டுமளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் சிடி4 மாதிரி அடையாளங்களைப் பிடிப்பது எளிதாயிற்று.

சாயங்கள் ஒன்றில் ஒன்று கலப்பதைச் சொல்லும்போதுதான் எப்போதும் பிள்ளைகள் கண் சொருகும். பச்சையாக ஒளிரும் சாயத்தின் வால், மெஷினில் ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணுக்குள்ளும் கொஞ்சம் விழும். அதைக் கழித்தாக வேண்டும். நான் ஆடி மாதத்தை இழுத்தேன். எங்கள் தெருவில் ஒரு அம்மன் கோயில், பின் தெருவில் ஒன்று. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் ஸ்பீக்கர். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எங்கள் பாட்டோடு பின் தெருப் பாட்டும் கொஞ்சம் கேட்கும். பின் தெருப் பாட்டு இங்கே எவ்வளவு வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் கேள். ஒரே சாயம் போட்ட தனி டியூப்களை முதலில் ஓட்டுவது அதற்குத்தான். ஒரு பையன், ‘எங்க ஏரியாவுல நாலு ஸ்பீக்கர் மேடம்’ என்றான். நாலு சாயம் என்றால் நாலு தனி டியூப் என்றேன்.

மத்தியானம் அறை திறந்தது. முதல் நாள் வேலை கோழி ரத்தச் செல்களைக் கழுவி, சாராயத்தில் போட்டு வைப்பதுதான். அதாவது 70 சதவீத எத்தனால், சில்லென்று. கழுவின செல்லை அதில் துளித் துளியாகத்தான் விட வேண்டும், டியூப் குலுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தேன். ஆறு பேரில் இரண்டு பேர் மொத்தமாகக் கவிழ்த்துவிட்டார்கள். கேழ்வரகு மாவு கொதிநீரில் கட்டி தட்டின மாதிரி டியூபில் உருண்டை உருண்டையாக நின்றது. அந்த டியூபையும் எறிய வேண்டாம் என்றேன். ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை. கழுவி, ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதியைச் சேர்த்து (சாயம் ஆர்.என்.ஏ.விலும் ஒட்டிவிடும், அதனால்), சாயம் விட்டு, அரை மணி நேரம் இருட்டில். கட்டி தட்டின டியூபை நைலான் வலையில் வடிகட்டாமலே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. சில நொடிதான். ஓட்டம் குறைந்து குறைந்து நின்றது. அடைப்பு. ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களையே அடைப்பு எடுக்க வைத்தேன்: டியூபை இறக்கு, ஊசியைப் பின்னோட்டமாகக் கழுவு, ப்ளீச் தண்ணீர் ஓட்டு, பிறகு சுத்த நீர் ஓட்டு. பத்து நிமிடத்தில் சரியாயிற்று. மெஷினைத் தொட்டால் கெட்டுவிடும் என்ற பேய் அங்கேயே இறங்கிவிட்டது, பிள்ளைகளுக்கும் ஆசிரியைக்கும்.

பிறகு மாடி வீட்டுப் பெண்ணின் டியூப். வடிகட்டியது. திரையில் வலப்பக்கம் போகப் போக வெளிச்சம் கூடும் வரைபடம்; அதில் ஒரு சிகரம் எழுந்தது, ஒல்லியாக, ஊசி மாதிரி. அவசரக்காரப் பையன் ஒருவன் ஓட்ட வேகத்தைக் கூட்டினான், சிகரம் தொப்பை போட்டது. குறைத்தான், மறுபடி ஒல்லியானது. வேகம் கூடினால் நடு நூல் தடித்துப்போய்ச் செல்கள் லேசரின் நடுவில் வராமல் அங்கே இங்கே விலகி ஓடும் என்பதை அப்போதுதான் சொன்னேன். காலையில் சொல்லியிருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

அந்தப் பெண் திரையில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சிகரத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு தூரத்தில் ஒரு குட்டிச் சிகரம். ‘ஆன்ட்டி, ஜி2! செல் பிரியுது!’ பிரியப்போகும் செல்லில் டி.என்.ஏ. இரட்டிப்பாக இருக்கும், பாடத்தில் அந்தப் படம் இருக்கிறது, அவள் சொன்னது பாடப்படி சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. ‘இது கோழியோட முதிர்ந்த சிவப்பணு. அது பிரியுமா?’ என்று மட்டும் கேட்டேன். யோசித்தாள். பிரியாது. அப்படியானால் இரட்டை டி.என்.ஏ. எங்கிருந்து வந்தது?

ஐந்து நிமிடம் அறையில் சத்தமே இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில், தினமும் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறும் ஒரு பெண் சொன்னாள்: ‘ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டு ஒரே கார்டுல கேட்டைத் தாண்டுற மாதிரி... ரெண்டு செல் ஒட்டிக்கிச்சா மேடம்?’

அதேதான். இரண்டு செல் ஒட்டிக்கொண்டு லேசரைக் கடந்தால் மெஷின் ஒன்றென்று எண்ணும், வெளிச்சம் மட்டும் இரட்டிப்பு. ஆனால் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் கேட்டைத் தாண்ட அதிக நேரம் ஆகும் இல்லையா? அந்த நேரத்தையும் மெஷின் பதிகிறது, வெளிச்சத் துடிப்பின் அகலமாக. அகலத்தை ஒரு அச்சில் போட்டுப் பார்த்தோம். குட்டிச் சிகரத்தின் புள்ளிகள் தனியே மேலே ஏறி நின்றன. மாடி வீட்டுப் பெண் மவுஸைப் பிடித்து, ஒற்றைச் செல்களை மட்டும் சுற்றிக் கோடு போட்டாள். கை நடுங்கிக் கோடு கோணலாக வந்தது. குட்டிச் சிகரம் பெரும்பாலும் கரைந்துபோனது. வேண்டிய செல்களைச் சுற்றிப் போடும் இந்தக் கோட்டுக்கும் ‘கேட்’ என்றுதான் பேர். அவள் வாழ்க்கையில் போட்ட முதல் கேட் அது. புற்றுநோய் ஆய்வகத்தில் இதே தவறு நடந்தால், பிரியாத செல்லைப் பிரிகிறது என்று எழுதிவிடுவார்கள் என்றேன். எழுதிக்கொள்ளக்கூட இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்முன் ப்ளீச் ஐந்து நிமிடம், சுத்த நீர் ஐந்து நிமிடம், கழிவுத் தொட்டி காலி. பாத்திரம் தேய்க்காதவளைச் சமைத்தவள் என்று எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆறு பேர் போக அந்த வகுப்பில் இருபத்தாறு பேர் மிச்சம். அடுத்த சனிக்கிழமைக்குக் கேட்டேன். தேர்வு வருகிறது, பார்க்கலாம் என்றார்கள். சாவி மறுபடி மேசை டிராயருக்குள் போய்விட்டது.

வடசென்னையில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். வேலைக்கு நேர்காணலுக்குப் போனால் முதல் கேள்வி, ‘ஓட்டியிருக்கியா?’ ஓட்டிப் பழக வேண்டுமென்றால் தென்பக்கம் எங்காவது நடக்கும் இரண்டு நாள் பயிலரங்குக்குப் பணம் கட்டிப் போக வேண்டும். எண்ணூரிலிருந்து போய்வருவதற்கே பொழுது சரியாகிவிடும். போனாலும் அங்கேயும் நாற்பது பேர், ஒரு மெஷின், முன்னால் நிற்பவரின் முதுகு.

நான் கேட்பது புது மெஷின் இல்லை. இருப்பதைத் திறங்கள். சனிக்கிழமை சும்மா நிற்கும் மெஷினைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் விடுங்கள். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது, கோழி ரத்தம் பற்றி என்னைவிட அவர்களுக்குத் தெரியும். எல்லோருமாகச் சேர்ந்து மாதம் ஒருநாள் நடத்தினால்கூடப் போதும். மெஷினே இல்லாத கல்லூரி, ஓட்டி முடித்த தரவுக் கோப்பை வாங்கி இலவச மென்பொருளில் கேட் போடவாவது பழக்கலாம். 1984லிருந்தே இதற்குப் பொதுவான கோப்பு வடிவம் இருக்கிறது. பிப்பெட் அதில் வராது, ஆனாலும் ஜெராக்ஸ் ஒட்டுவதைவிட மேல். செய்முறைத் தேர்வில் தத்துவம் எழுதச் சொல்வதை விட்டு, ஒரு டியூபைக் கையில் கொடுத்து ‘ஓட்டு’ என்று சொல்லிவிட்டு எதிரே உட்காருங்கள். அந்த மாற்றம் வந்தால் சாவி தானாக வெளியே வரும். என் மாதிரி ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் பேரப்பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுவிட்டுக்கொண்டு இருக்கிறோம். போக்குவரத்துச் செலவு கொடுத்தால் வருவோம். கொடுக்காவிட்டாலும் நான் வருவேன், மற்றவர்களுக்காகப் பேச முடியாது.

விளம்பரம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் படம் பிடிக்கும்போது கம்ப்யூட்டரையாவது போட்டுவிட்டுப் பிடியுங்கள். எங்களைப் போல நாலு பேர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிறோம்.

பெயர் போட வேண்டாம். அந்த இளம் ஆசிரியைக்குத் தொந்தரவு வரக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை–81.

பி.கு.: வெட்ட வேண்டாம் என்று சொன்ன வரி இது: அந்தக் கோழிக்கு எந்தச் சீக்கும் இல்லை.